நீர் வகுத்த நிரல்: புத்தளக் கரையோர இறால் தொழிலில் கூட்டுச் செயன்முறை உருவான வரலாறு

சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் இறால் வளர்க்கும் ஒருவர், தன் காணியில் தன் பணத்தில் வெட்டிய குளத்துக்குக்கூடத் தான் நினைத்த நாளில் குஞ்சு விட முடியாது. அந்த நாளைக் கிராமத்துப் பண்ணையாளர் சங்கமும், தொழிற்றுறைக் கூட்டணியும், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் முன்கூட்டியே பேசிக் குறித்துவைத்திருக்கும். குறித்த நாளில் குஞ்சு வந்து சேர வேண்டுமானால், குஞ்சு பொரிப்பகம் பல வாரங்களுக்கு முன்பே தாய் இறாலை வாங்கி முட்டையிடச் செய்திருக்க வேண்டும். ஆய்வுகூடம் குஞ்சைச் சோதித்து முடிவு சொல்லியிருக்க வேண்டும். தீன் வியாபாரி கடனுக்கு மூடை இறக்கச் சம்மதித்திருக்க வேண்டும். நாலைந்து மாதம் கழித்து, அறுவடை நாளன்று, பதப்படுத்தும் தொழிற்சாலையின் லொறி ஐஸோடு குளக்கரைக்கு வர வேண்டும். இத்தனை பேருக்கும் பொதுவான முதலாளி என்று யாரும் இல்லை.

பல நிறுவனங்கள் பங்குகொள்ளும் ஒரு வேலையின் ஒழுங்கை எவ்வாறு மாதிரியாக வரைவது, வரைந்தபடி எவ்வாறு நடத்துவது என்பது கணினியியலிலும் முகாமைத்துவத்திலும் நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளையும் வங்கிகளையும் துறைமுகங்களையும் முன்வைத்தே நடந்தன. புத்தளக் கரையோரம் அதே கேள்விக்குக் கணினியின் துணையின்றி, நோயிடம் அடி வாங்கி வாங்கி, தனக்கென ஒரு விடையைக் கண்டது. அது எப்படிப் பிறந்தது, எந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கே பங்காளிகளை ஒரே செயன்முறைக்குள் கட்டிப்போட்டது அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைக் காட்டிலும் அவர்கள் பகிர்ந்துகொண்ட நீரே என்பது என் முதல் வாதம். அந்தச் செயன்முறையின் ஒரு பாதியைத் திகதிகளால் ஒழுங்குபடுத்த முடிந்தது. நோய் கண்டவர் அதை உடனே அயலாருக்குச் சொல்வது என்ற மறுபாதி இன்னும் சரிவர வரையப்படவில்லை என்பது இரண்டாவது.

கால்வாயும் களப்புகளும்

புத்தளம் களப்பு, முந்தல் களப்பு, சிலாபம் களப்பு ஆகிய மூன்றையும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் ஒன்று தொடுத்து நிற்கிறது. பண்டங்களைப் படகில் ஏற்றித் தெற்கே கொழும்புவரை கொண்டுபோவதற்காக வெட்டப்பட்ட நீர்வழி அது. வீதியும் ரயிலும் வந்தபின் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. ஆனால் வெட்டிய கால்வாய் அப்படியே கிடந்தது. 1980களில் இறால் குளங்களுக்கு உவர்நீர் தேவைப்பட்டபோது அதுவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இந்தக் கால்வாயின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் இத்தொழிலின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. தட்டையான நிலத்தில் ஓடுவதால் அதில் ஓட்டம் மந்தம். கடலோடு நீர் மாறுவது களப்புகளின் முகத்துவாரங்கள் வழியாகத்தான். வரட்சிக் காலத்தில் மணல் திட்டு எழுந்து சில முகத்துவாரங்கள் ஒடுங்கிவிடும். ஆகவே ஒரு பண்ணை வெளியேற்றும் நீர் கடலுக்குப் போய்ச் சேருமுன் இன்னொரு பண்ணையின் பம்பிக்குள் புகுந்துவிடும். பண்ணைகளுக்கு நீர் எடுப்பதற்கும் கழிவுநீர் விடுவதற்கும் ஒரே கால்வாய்தான். கொரயா, ஜயசிங்க, ஏகரத்ன, ஜோன்ஸ்டன் ஆகிய நால்வரும் 1995இல் ‘ஆம்பியோ’ என்ற சுற்றாடல் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, இத்தொழிலின் முதன்மை நீர் மூலமான இக்கால்வாய்க்கு அதே தொழில் செய்த கேட்டைத்தான் ஆராய்ந்தது.

செயன்முறை ஆய்வின் மொழியில் இதை இப்படிச் சொல்லலாம். இரு நிறுவனங்களுக்கிடையே எது கைமாறுகிறதோ அதுவே அவற்றின் உறவு. பொரிப்பகத்திடமிருந்து பண்ணைக்குக் குஞ்சு வருகிறது, பண்ணையிலிருந்து தொழிற்சாலைக்கு இறால் போகிறது. இவை விலை பேசிக் கைமாறுபவை, பற்றுச்சீட்டில் ஏறுபவை. பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே நீர் கைமாறுகிறது. அதற்கு விலையில்லை, பற்றுச்சீட்டில்லை, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியவே வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தொழிலில் யாரும் வரையாமல் விட்ட கோடு இதுதான்.

ஒரே கூரையிலிருந்து பல கைகளுக்கு

இலங்கையில் வணிக நோக்கிலான இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் மட்டக்களப்புப் பகுதியில் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அது வடமேல் கரையோரத்தில் வேரூன்றியது. முதலில் வந்தவை பெரிய கம்பனிகள். பன்னாட்டு நிறுவனங்களும் அவற்றில் இருந்தன. பெருமுதலோடு வந்த கம்பனிக்குப் பொரிப்பகம், குளம், பதப்படுத்தும் இடம் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வைத்திருப்பது இயலும். எந்த வாரம் குஞ்சு வேண்டும், எந்த வாரம் அறுவடை என்பது ஒரே அலுவலகத்தின் உள்விவகாரம். நிறுவனங்களுக்கிடையிலான செயன்முறை என்ற சிக்கலே அங்கு எழுவதில்லை.

வருமானத்தைக் கண்டதும் சிறு முதலீட்டாளர்கள் இறங்கினார்கள். தென்னங்காணி வைத்திருந்தவர், மீன்பிடியில் சேர்த்த பணம் கையிலிருந்தவர், கொழும்பிலிருந்து வந்த வியாபாரி எனப் பலரும் குளம் வெட்டினார்கள். கண்டற்காடுகளும் உவர்ச் சதுப்புகளும் அழிந்தன. உரிய அனுமதியின்றி எழுந்த பண்ணைகளும் ஏராளம். முன்பு ஒரே கூரையின்கீழ் இருந்தவை 1990களில் தனித்தனித் தொழில்களாகப் பிரிந்து நின்றன: பொரிப்பகம் ஒருவருடையது, குளம் வேறொருவருடையது, தீன் இறக்குமதியாளருடையது, தொழிற்சாலை ஏற்றுமதியாளருடையது. கருப்பு இறாலின் தாயைக் கடலில் பிடித்துப் பொரிப்பகத்துக்கு விற்பதே தொழிலாகக் கொண்ட மீனவர்களும் உருவானார்கள்.

இவர்களை இணைத்தது இருவர் இருவராகச் செய்த கொடுக்கல் வாங்கல். அதில் கடன் முக்கியமானது. வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீனுக்குப் போகிறது. சிறு பண்ணைக்காரரால் அதை முன்பணமாகக் கட்ட இயலாது. ஆகவே வியாபாரி தீனைக் கொடுத்து அறுவடையில் கழித்துக்கொள்கிறார். எழுத்தில் இல்லாவிட்டாலும் இதுவும் ஒரு செயன்முறை விதிதான்: தீன் வாங்கியவர் எப்போது அறுவடை செய்வார், யாரிடம் விற்பார் என்பதைக் கடன் தீர்மானிக்கிறது. இந்த விதி பின்னால் நோய்ச் செய்தியோடு மோதப்போகிறது.

1988-89இல் மொனோடன் பகுலோ வைரஸ் பரவியது முதல் அதிர்ச்சி. தொழில் அதிலிருந்து மீண்டது, விரிந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தோன்றி ஆசியாவின் இறால் நாடுகளை ஒவ்வொன்றாகத் தாக்கிவந்த வைரஸ் அது. ஒரு குளத்தில் தலைகாட்டினால் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் அதிலுள்ள இறால் அனைத்தையும் கொன்றுவிடக்கூடியது. நண்டும் பிற ஓட்டுயிரிகளும் அதைச் சுமந்து திரியும். நோய் கண்ட பண்ணையாளர் பதறிப்போய்க் குளத்தைத் திறந்துவிட்டால், அந்த நீர் கால்வாயில் இறங்கி அடுத்த பண்ணையின் பம்பி வழியே உள்ளே போகும். புத்தளம் மாவட்டத்தின் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வாண்டில் மூடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் நோய் மறுபடியும் அடித்தது. கைவிடப்பட்ட குளங்களில் சில உப்பளங்களாயின. பல வெறுந்தரையாகவே வெடித்துக் கிடந்தன.

அந்த அழிவில் சுகாதாரக் குறைபாடு உண்டு, பேராசை உண்டு, சட்டத்தின் தளர்வும் உண்டு. ஆனாலும் ஒரு பண்ணையாளர் தன் குளத்துக்குள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அழிந்திருக்க முடியும் என்பதே அதன் உட்கரு. தனித்தனி நிறுவனங்களின் திறமையைக் கூட்டினால் தொழிலின் திறமை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை 1996இல் இக்கரையோரத்தில் உடைந்தது.

அதே ஆண்டுகளில் கணினியியலில் நடந்தது

ஏறத்தாழ இதே காலத்தில் வேறோர் உலகத்தில் இந்தச் சிக்கலின் மறுவடிவம் ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது. நிறுவனங்கள் கொள்வனவுக் கட்டளையையும் விலைப்பட்டியலையும் கணினிவழி மாற்றிக்கொள்வதற்கான ‘எடிஃபாக்ட்’ நியமம் 1987இல் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் உருவானது. அது பத்திரங்களின் வடிவத்தைச் சொன்னதே தவிர, எந்தப் பத்திரத்துக்குப் பின் எந்தப் பத்திரம் வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்ற வரிசையைச் சொல்லவில்லை. 1999இல் தொடங்கிய ‘ஈபி எக்ஸ்எம்எல்’ முயற்சி வரிசையையும் பங்காளிகளின் உடன்பாட்டையும் எழுதிவைக்க முனைந்தது.

2002இல் ஐபிஎம், மைக்ரோசொஃப்ட், பிஇஏ ஆகிய மூன்றும் வெளியிட்ட ‘பிபெல்’ என்ற செயன்முறை மொழியை ஆக்கியவர்களில் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரன. அவர் பின்னர், 2005இல், ‘டபிள்யூஎஸ்ஓ2’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்; கொழும்பில் பெரும் பொறியியலாளர் அணி ஒன்று அதன்வழி வளர்ந்தது. பிபெல் இரண்டு வகையான வரைவுகளுக்கு இடம்தந்தது. ஒன்று, நிறுவனம் தனக்குள்ளே இயக்கும் முழுமையான செயன்முறை. மற்றது, வெளியாருக்குத் தெரிய வேண்டிய அளவை மட்டும் சொல்லி, உள்ளிருப்பதை மறைத்துவைக்கும் வரைவு. இதற்கு ஓராண்டு முன்னரே வான் டெர் ஆல்ஸ்ட், வெஸ்கெ ஆகிய இருவரும், பங்காளிகள் முதலில் ஒரு பொதுச் செயன்முறைக்கு உடன்பட்டுவிட்டால், அதன் வெளிநடத்தை கெடாத வரையில் ஒவ்வொருவரும் தம் பங்கை உள்ளே விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம் என்று காட்டியிருந்தார்கள்.

நடத்தும் முறையிலும் இரு பள்ளிகள் உருவாயின. ஒரு மையம் எல்லோருக்கும் கட்டளையிட்டு நடத்துவது ஒன்று. மையமே இல்லாமல், ஒவ்வொருவரும் தம் முறையை அறிந்து ஒத்தாடுவது மற்றொன்று. கூத்தில் அண்ணாவியார் முன்னின்று நடத்துவதற்கும், கோலாட்டத்தில் ஒவ்வொருவரும் தாளம் தவறாமல் கோலைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவது வகையை எழுதுவதற்கென்றே ‘டபிள்யூஎஸ்-சிடிஎல்’ என்ற மொழி 2005இல் வேட்பு நிலைக்கு வந்து, இறுதிப் பரிந்துரையாக உயராமலே நின்றுவிட்டது. 2011இல் வெளிவந்த ‘பிபிஎம்என்’ வரைகுறியின் இரண்டாம் பதிப்பு ஒத்தாட்டத்துக்குத் தனி வரைபடம் தந்தது.

இந்த ஆய்வுகள் கண்டுபிடித்த உண்மைகளில் ஒன்று புத்தளத்துக்கு நேரே பொருந்துகிறது. தாளில் வரைந்த எல்லா ஒத்தாட்டத்தையும் நடைமுறையில் ஆட முடியாது. மேல்வலயப் பண்ணைகள் நீரை வெளியேற்றி முடித்தபின்னரே கீழ்வலயப் பண்ணைகள் நீரை எடுக்கலாம் என்று ஒரு விதி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேல்வலயம் முடித்ததைக் கீழ்வலயத்துக்குச் சொல்லும் செய்தி எதுவும் அந்த வரைவில் இல்லையென்றால், கீழ்வலயத்தார் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் விதியைக் கடைப்பிடிக்க முடியாது. அவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. இதைச் சீர்செய்ய மூன்று வழிகள் உண்டு. செய்தி ஒன்றைச் சேர்க்கலாம். மையம் ஒன்றை நிறுவலாம். அல்லது இருவரையும் ஒரே கடிகாரத்தோடு கட்டிவிடலாம்.

வலயப் பயிர் நாட்காட்டி

புத்தளம் பிரதானமாக மூன்றாவது வழியைப் பிடித்தது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாக்கப்பட்டது. மக்கள் வாயில் அது ‘நக்டா’. 2000களில் இந்த அதிகாரசபையும், இலங்கை நீருயிரின வளர்ப்பு அபிவிருத்திக் கூட்டணியும், கிராமத்துப் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து வலயப் பயிர் நாட்காட்டி முறையை நடைமுறைப்படுத்தின. நீர்நிலைகளின் தொடர்பைக் கொண்டு பண்ணைப் பரப்பு ஐந்து வலயங்களாகவும் 32 உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டது. எந்த உபவலயம் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை குஞ்சு விடலாம் என்பது பருவம் தொடங்குமுன் கூட்டங்களில் பேசி முடிவாகிறது. ஒரே நீரைப் பகிரும் வலயங்கள் ஒரே வேளையில் வளர்ப்பதும் கழிவுநீர் விடுவதும் இதனால் குறைகின்றன. இடையில் குளங்களும் கால்வாயும் ஓய்ந்து கிடக்க அவகாசம் கிடைக்கிறது.

எல்லைகளை நிர்வாகக் கோட்டின்படி வகுக்காமல் நீரின்படி வகுத்ததுதான் இம்முறையின் முதற்சிறப்பு. பிரதேச செயலாளர் பிரிவும் கிராம சேவகர் பிரிவும் வாக்குக்கும் வரிக்கும் உதவும். வைரஸ் அவற்றை மதிக்காது. கூட்டுச் செயன்முறை எதையும் வரைய முற்படுபவர் முதலில் கேட்க வேண்டியது, யார் யாருக்கு எது போய்ச் சேருகிறது என்பதே. யார் யாரோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

திகதி என்பது ஓர் அருமையான கருவி. அதைக் கடைப்பிடிக்க எவரும் எவரிடமும் செய்தி கேட்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தாளைப் பார்த்தால் போதும். மீறினால் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் காற்றூட்டிச் சக்கரம் சுழலும் குளத்தை மறைத்துவைக்க முடியாது. குளத்துக்குள் என்ன செய்கிறார் என்பதிலும் திகதி தலையிடுவதில்லை. குளத்தை எப்படிக் காயவிடுவது, அடிச்சேற்றை எவ்வளவு சுரண்டுவது, சுண்ணாம்பு எவ்வளவு இடுவது, எத்தனை குஞ்சு விடுவது, தீன் தட்டை எத்தனை தடவை தூக்கிப் பார்ப்பது போன்ற அன்றாட முடிவுகள் பண்ணையாளரின் கையிலேயே இருக்கின்றன. நல்ல முகாமை முறைகள் என்று அதிகாரசபை வழிகாட்டலாம், பயிற்சி தரலாம். அனுபவமுள்ள பண்ணையாளரின் கைப்பக்குவத்தை அது பறிப்பதில்லை. பொது வரைவும் உள்வரைவும் என்று ஆல்ஸ்டும் வெஸ்கெயும் வேறுபடுத்தியதைக் குளக்கரையில் இப்படிக் காணலாம்.

ஆனால் திகதி மட்டும் போதாது என்பதை இம்முறையை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே ஒரு வாசல் வைத்தார்கள். சங்கத்தின் பரிந்துரையும் அதிகாரசபையின் அனுமதியும் இருந்தால்தான் குஞ்சு விடலாம். குஞ்சு பீசிஆர் பரிசோதனையில் தேற வேண்டும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட இந்தப் பரிசோதனையை இக்கரையோரத்து இறால் குஞ்சுகள் வெகு முன்பே கடந்துவிட்டன. பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சில் நோய் இருந்தால், 95 வீத உறுதியோடு அதைக் கண்டறிய ஏறத்தாழ 150 குஞ்சுகளை மாதிரியாக எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால், நோயில்லை என்ற தாள் கிடைக்கும். நோயும் குளத்துக்குப் போகும். கையெழுத்திட்ட தாள் ஒன்று கைமாறுவதால் அதில் எழுதியது உண்மையாகிவிடாது.

மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் எரங்க கலப்பத்தியும் ஃபிக்ரெத் பெர்கெஸும் அம்பகந்தவில, கொத்தாந்தீவு, கரம்பை ஆகிய மூன்று இடங்களின் பண்ணைச் சமூகங்களை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். பொதுவளத்தை ஆளும் நிறுவனங்களைப் பற்றி எலினோர் ஒஸ்ட்ரொம் வளர்த்த சிந்தனை மரபில் வந்த ஆய்வு அது. கிராமத்துச் சங்கம், அதற்கு மேல் தொழிற்றுறைக் கூட்டணி, அதற்கு மேல் அரசு என்ற அடுக்கமைப்புத்தான் தனியாருக்குச் சொந்தமான குளங்களையும் பொதுநீரையும் ஒன்றாக ஆள உதவுகிறது என்று அது விளக்கியது. அந்த விளக்கம் சரியானது. எனினும் அது ஆட்சியமைப்பின் பக்கம் நின்று பார்க்கிறது. செயன்முறையின் பக்கம் நின்று பார்த்தால் வேறு சில விடயங்களும் தெரிகின்றன.

ஒன்று, நாட்காட்டியின் விலை. கடிகாரத்தால் ஒழுங்குபடுத்தும் எந்தச் செயன்முறையும் மெதுவானவரின் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வலயம் விரைவில் அறுவடை முடித்துவிட்டாலும் அடுத்த வலயம் தன் திகதிவரை காத்திருக்க வேண்டும். குளம் சும்மா கிடக்கும் மாதங்களுக்கும் குத்தகையும் வட்டியும் உண்டு. பல குளங்களும் பல வலயங்களில் காணியும் உள்ளவருக்கு இந்த ஓய்வு தாங்கக்கூடியது. ஒரே குளத்தை நம்பியவருக்கு அது பட்டினி மாதம். ஒரே உபவலயத்தார் எல்லோரும் ஒன்றாகக் குஞ்சு விடுவதால் அறுவடையும் ஒன்றாகவே வருகிறது. வாங்குபவர் விலையை இறக்க அது இடம்தருகிறது. பொரிப்பகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இதே ஒழுங்கு நன்மை: வலயம் வலயமாகத் தேவை வருவதால் அவர்களுக்கு வேலை ஆண்டு முழுதும் பரவுகிறது. பொதுச் செயன்முறையின் ஆதாயமும் செலவும் பங்காளிகளுக்குச் சமமாக விழவில்லை என்பதை மறைக்காமல் பேச வேண்டும்.

நோய்ச் செய்தி

இரண்டாவது விடயம் இதைவிடப் பாரதூரமானது. நாட்காட்டி எதிர்பார்த்த நிகழ்வுகளை ஒழுங்குபடுத்துகிறது. நோய் திகதி பார்த்து வருவதில்லை. அது வந்த கணத்தில் செயன்முறை கடிகாரத்தைக் கைவிட்டுச் செய்திக்கு மாற வேண்டும்: பண்ணையாளர் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், மதகை மூடி நீரைக் குளத்துக்குள்ளேயே தடுக்க வேண்டும், அயலார் நீர் எடுப்பதை நிறுத்த வேண்டும், அதிகாரசபை மாதிரி எடுக்க வேண்டும், குளோரின் இட்டு வைரஸைக் கொன்றபின்னரே நீரை வெளியேற்ற வேண்டும். பத்து நாட்களுக்குள் குளமே அழியும் நோயில் இந்தச் செய்திகள் மணிக்கணக்கில் பறக்க வேண்டும்.

செய்தி சொல்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கரையோரமாக இறால் சோர்ந்து நீந்துவதை விடியற்காலையில் காண்கிறார். ஓட்டில் வெள்ளைப் புள்ளி. உடனே அறுவடை செய்தால், வளர்ச்சி குன்றிய இறாலுக்குக் குறைந்த விலையேனும் கிடைக்கும். தீன் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம். அவசர அறுவடைக்கு நீரை இறக்க வேண்டும். சங்கத்துக்குச் சொன்னால் மதகு மூடப்படும்; சொல்லாவிட்டால் இரவோடிரவாக முடித்துவிடலாம். செய்தியின் பயன் முழுவதும் அயலாருக்கு, செலவு முழுவதும் சொன்னவருக்கு. கடன் கொடுத்த வியாபாரியும் அறுவடையை விரைவுபடுத்தவே விரும்புவார். 1990களில் இருவர் இருவராகக் கட்டப்பட்ட கொடுக்கல் வாங்கல் விதிகள், பொதுச் செயன்முறையின் மிக அவசியமான செய்திக்கு எதிர்த்திசையில் இழுக்கின்றன.

இங்கேதான் கிராமத்துச் சங்கத்தின் உண்மையான வேலை இருக்கிறது. பண்ணையாளர்கள் ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் சந்திப்பவர்கள். சொல்லாமல் நீரைத் திறந்துவிட்டவர் அடுத்த பருவத்தில் சங்கத்தின் பரிந்துரைக்கு வந்து நிற்க வேண்டும். சங்கம் வலுவாக இருக்கும் ஊரில் இந்த நெருக்கம் பலன் தருகிறது. ஆனால் நீர் ஊரெல்லையோடு நிற்பதில்லை. தமிழ் பேசும் ஊரும் சிங்களம் பேசும் ஊரும் மாறி மாறி வரும் கரையோரத்தில், ஓர் உபவலயத்தின் செய்தி அடுத்த உபவலயத்துக்கு எந்த மொழியில், யார் வழியாக, எத்தனை மணிநேரத்தில் போகிறது என்பதை நாட்காட்டிப் பட்டியல் சொல்லாது.

கணினியியலில் அண்மைக் காலப் போக்கு, ஒருவரையொருவர் நம்பாத பங்காளிகளின் செயன்முறையைத் தொடரேட்டுத் தொழில்நுட்பத்தில் இயக்குவது. இங்கோ வெபரும் சகாக்களும் 2016இல் அதற்கான முறையை முன்வைத்தார்கள். யார் எப்போது என்ன பதிந்தார் என்பதை அழிக்க முடியாமல் வைத்திருக்க அது உதவும். பொரிப்பகச் சான்றிதழுக்கும் அறுவடைப் பதிவுக்கும் பயன்படும். விடியற்காலையில் கண்ட வெள்ளைப் புள்ளியைப் பதியும்படி அது எவரையும் தூண்டாது. பதிவின் பாதுகாப்பைப் பற்றி மிக அதிகமாகவும், பதிபவரின் நட்டத்தைப் பற்றி மிகக் குறைவாகவும் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

வாங்குபவரின் தாள்கள்

இதற்கிடையே செயன்முறையின் மறுமுனையிலிருந்து வேறொரு அழுத்தம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது உணவுச் சட்டம் 2005 ஜனவரி முதல், உணவுத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு முன்னே ஒரு படியையும் பின்னே ஒரு படியையும் அடையாளம் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும் என்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆசிய இறாலில் தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டதும் மருந்துப் பதிவுகளை இறுக்கியது. 2015இல் சட்டவிரோத மீன்பிடி தொடர்பாக இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்து 2016இல் நீக்கிய தடை கடலில் பிடித்த மீனைப் பற்றியது. அத்தகைய மீனுக்கு ஒன்றியம் கேட்கும் பிடிச் சான்றிதழ் வளர்ப்பு இறாலுக்குத் தேவையில்லை.

இந்த முன்னே ஒரு படி, பின்னே ஒரு படி என்ற விதி விற்பனைச் சங்கிலியை நன்றாகப் பிடிக்கிறது. குளத்தின் இலக்கம், குஞ்சின் மூலம், தீன், மருந்து, அறுவடைத் திகதி அனைத்தும் தொழிற்சாலையின் கோப்பில் ஏறுகின்றன. பக்கத்துப் பண்ணை அந்தச் சங்கிலியில் படியே அல்ல. ஆகவே வெளிநாட்டு வாங்குபவரின் பார்வையில் ஒரு பண்ணை எல்லாத் தாள்களும் சரியாக உள்ள பண்ணையாகவும், கால்வாயின் பார்வையில் அயலாரை அழித்த பண்ணையாகவும் ஒரே வேளையில் இருக்க முடியும்.

புதிய இனம், புதிய பங்காளிகள்

2010களின் இறுதியில் அமெரிக்கக் கண்டத்தின் வனாமி இறாலை வளர்க்க இலங்கை இடமளித்தது. கருப்பு இறாலுக்குத் தாய் கடலிலிருந்து வந்தது. வலையில் என்ன விழும், அதில் வைரஸ் இருக்குமா என்பது நிச்சயமில்லை. வனாமிக்கு நோய்நீக்கி வளர்த்த தாய் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. ஆகவே செயன்முறையிலிருந்து தாய் பிடிக்கும் மீனவர் மெல்ல விலகுகிறார். வெளிநாட்டு இனவிருத்தி நிறுவனமும் தனிமைப்படுத்தல் நிலையமும் உள்ளே வருகின்றன. குஞ்சின் வரவு முன்னிலும் உறுதியாகிறது. குளத்தில் அடர்த்தியும் கூடுகிறது. காற்றூட்டிகளின் தேவையும் கூடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை போனபோது, எந்த வரைபடத்திலும் பங்காளியாகக் குறிக்கப்படாத மின்சார சபையும் எரிபொருள் நிலையமும் குளத்தின் உயிர்நாடி என்பது வெளிப்பட்டது.

அக்கரையில் தமிழ்நாடும் ஆந்திராவும் இதே நோயை வேறு வழியில் எதிர்கொண்டன. நாகப்பட்டினப் பகுதியின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. புத்தளத்தில் வெண்புள்ளி பரவிய அதே ஆண்டு அது. பின்னர் 2005இல் கடலோர நீருயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2007இல் அமைக்கப்பட்ட ‘நாக்சா’ என்ற அமைப்பு, ஒரே ஓடையைப் பகிரும் சிறு பண்ணையாளர்களைச் சங்கங்களாகக் கூட்டியது. நீதிமன்றத்தில் தொடங்கிய இந்தியாவும் நாட்காட்டியில் தொடங்கிய இலங்கையும் கடைசியில் ஒரே அளவிலான அலகுக்கு வந்து சேர்ந்தன: ஒரு நீரோட்டத்தைச் சுற்றிய ஒரு சங்கம்.

இனி வரையப்பட வேண்டியது அவசர அறுவடையின் செயன்முறை. நோய் கண்டதாக முதலில் சொன்ன பண்ணையாளரின் இறாலைத் தொழிற்சாலை எந்த விலைக்கு எடுக்கும், தீன் கடன் எத்தனை மாதம் தள்ளிவைக்கப்படும், நீரை அடைத்துவைத்த நாட்களுக்கு உபவலயத்தின் பொது நிதி என்ன தரும் ஆகிய மூன்றும் பருவம் தொடங்கும் அதே கூட்டத்தில், திகதிகளோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். அந்தக் கூட்டத்தில் பண்ணையாளரும் அதிகாரசபையும் பொரிப்பகத்தாரும் இருந்தால் போதாது. தீன் வியாபாரியும் ஏற்றுமதியாளரும் கட்டுப்படும் விதிகள் இவை. ஆகவே அவர்களும் அங்கே அமர்ந்து கையெழுத்திட வேண்டும்.